ஊதக்காவின் மூன்று லிட்டர்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி டாக்டரம்மாவிலிருந்து தரை துடைக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஊதக்கா. காரணம் தெரிய வேண்டுமானால் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வரும். "இழுங்க, இழுங்க, நெஞ்சு முட்ட இழுங்க... இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க! விடாதீங்க! உள்ள இன்னும் இருக்கு, ஒளிச்சு வைக்காதீங்க!" வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே ஒரு காவலாளி, உள்ளே யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். வந்தவரை விடாமல் உட்கார வைத்து அவரையும் ஊதச் சொல்லிவிட்டாள்.

அது மூச்சை அளக்கும் அறை. ஒரு நாற்காலி, ஒரு ஸ்கிரீன், மேசைமேல் கைப்பிடியோடு ஒரு மெஷின். அதில் ஆளுக்கொரு அட்டைக் குழாயைச் செருகி வாயில் கவ்வ வேண்டும். மூக்கில் கிளிப்பு. முடிந்த மட்டும் இழுத்து, முடிந்த மட்டும் வேகமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத வேண்டும். எவ்வளவு காற்று வெளியே வந்தது என்று மெஷின் லிட்டரில் சொல்லும். கேட்க என்னவோ சுலபம். ஆனால் மனிதர்கள் இருக்கிறார்களே, ரொம்பக் கெட்டிக்காரர்கள். பாதி ஊதியதும் முடிந்துவிட்டது என்று அவர்களே தீர்மானம் பண்ணிக்கொள்வார்கள். பொய் சொல்வதில்லை, பாவம், நிஜமாகவே முடிந்த மாதிரித்தான் இருக்கும். அடியில் கிடக்கும் காற்று வெளியே வர வேண்டுமென்றால் ஒருத்தர் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தாமல் எடுத்த அளவு அளவே இல்லை என்று பயிற்சிக்கு வருகிற பெண்களிடம் ஊதக்கா அடித்துச் சொல்வாள். பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அறைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. தினமும் காலையில் சைக்கிள் பம்பு போலத் தடியாக இருக்கும் மூன்று லிட்டர் சிரிஞ்சால் மெஷினுக்குள் காற்றைத் தள்ளிச் சரிபார்ப்பார்கள். அது போதாது, சிரிஞ்சில் வருவது வறண்ட காற்று, மனிதர் மூச்சில் ஈரம் இருக்கிறது. அதனால் திங்கட்கிழமைதோறும் நோய் நொடி இல்லாத ஆள் ஒருவர் ஊதிப் பார்க்க வேண்டும். அந்த ஆள் ஊதக்காதான். அவளுடைய அளவு மூன்று புள்ளி ஒன்று. வாரா வாரம் நோட்டில் எழுதுவாள். அந்த எண் அசையாத வரைக்கும் மெஷின் சரி. இறங்கினால் மெஷினில் ஏதோ கோளாறு. இரண்டு தடவை அப்படி இறங்கி, இரண்டு தடவையும் மெஷினில்தான் ஓட்டை இருந்தது. ஆக, ஊரார் மூச்சுக்கெல்லாம் அவள் மூச்சுதான் தராசுப் படிக்கல்.

அவளுக்குக் கத்துவது யார்? அவள் புருஷன். அதே ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் தள்ளுகிற வேலை. திங்கட்கிழமை காலையில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். வாரம் முழுக்க வீட்டில் வாங்கிய வசவுக்கெல்லாம் அன்றைக்குத்தான் பதில்.

"ஊதுடி! ஊது ஊது ஊது! என்னைத் திட்டும்போது மட்டும் வருதில்ல, அந்த மூச்சு எங்க போச்சு? விடாத! அடியில இருக்கு பாரு, அதையும் கொண்டா!"

குழாயைக் கடித்தபடியே சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் அளவு கெட்டுவிடும். முதல் ஊதல் எப்போதும் வீண்தான். "என்னங்க, சும்மா இருங்க, மானம் போகுது" என்பாள். இரண்டாவதில் மூன்று புள்ளி ஒன்று வந்துவிடும். அவரே நோட்டில் எழுதிவிட்டு, சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சிலிண்டர் அறையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. தகவல் வந்தபோது ஊதக்கா ஒரு கிழவருக்கு மூன்றாவது ஊதல் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்து, அளவை எழுதி, அவர் மூக்குக் கிளிப்பைக் கழற்றிவிட்டுத்தான் கீழே இறங்கினாள். இதை ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசினார்கள்! பேசட்டும். தடுமாறி விழுகிற கால்தான் துக்கம் என்று நினைக்கிறவர்களுக்கு என்ன சொல்ல?

அவள் அழவில்லை. அதுதான் எல்லோருக்கும் உறுத்தியது. கூட இருக்க வந்த நாத்தனார் பதினாறு நாள் பார்த்தாள். பதினேழாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"என்ன அண்ணி, கல்லு மாதிரி இருக்கீங்க? எங்க அண்ணன் போயிருக்காரு. ஒரு வாட்டி வாய்விட்டு அழுதாத்தான் என்ன?"

"வரல" என்றாள் ஊதக்கா.

"வரலன்னா?"

"வரல. வந்தா அழ மாட்டேனா?"

உண்மையைத்தான் சொன்னாள். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்ட கன்னம் மாதிரி இருந்தது உடம்பு முழுவதும். தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு அதையே சாப்பிட்டு முடித்தாள். மழையில் துணி நனைவதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனபோது பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். வீடு காலியானதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வேலையில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. சத்தம் அதே சத்தம். பதினெட்டு வருடப் பழக்கம், வாய் பாட்டுக்குக் கத்தும், மனம் எங்கோ இருக்கும். திங்கட்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காருவாள். ஒரு கையால் குழாய், மறு கையால் பொத்தான். ஊதுவாள். எழுதுவாள்.

மூன்று. இரண்டு புள்ளி ஒன்பது. இரண்டு மாதத்தில் இரண்டு புள்ளி ஏழு.

வேறு யாருடைய அளவாவது இப்படி இறங்கியிருந்தால் அவள் கேட்டிருக்கும் முதல் கேள்வி, "யாரு பக்கத்துல நின்னு கத்தினது?" என்பதுதான். தன் விஷயத்தில் அது தோன்றவே இல்லை. படிக்கல் தன்னை எடை போட்டுக்கொள்ளுமா? மெஷின் ஈரத்துக்குத் தடுமாறுகிறது என்று முடிவு கட்டினாள். டாக்டரம்மாவிடம் சொன்னாள். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லாதவள் சொன்னால் டாக்டரம்மா நம்பாமல் என்ன செய்வார்? ரொம்ப மோசமாக ஊதுகிறவர்களை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கொஞ்சமாகக் குறைகிறவர்களின் சீட்டில் மட்டும் 'மெஷின் சந்தேகம், பழுது பார்த்தபின் மறுபடி' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார். அப்படிப் போனவர்கள் பதினோரு பேர்.

அதில் ஒருத்தர் மெத்தைக்காரர். ஐம்பது வயது. மூடிய கொட்டகையில் பஞ்சடித்து மெத்தை, தலையணை தைக்கிற வேலை, பன்னிரண்டு வயதிலிருந்து. நெஞ்சு இறுக்குகிறது என்று வந்திருந்தார். புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குள்ளயும் ரெண்டு தலையணை தேறும்மா, எடுத்துக்கறீங்களா?" என்றார் வந்த உடனே. நல்ல பேச்சுக்காரர்.

அவர் உயரத்துக்கும் வயதுக்கும் மூன்று புள்ளி ஆறு வர வேண்டும். இரண்டு புள்ளி ஏழு வந்தது. அந்த வாரம் ஊதக்காவுக்கு இரண்டு புள்ளி ஆறு. மெஷின் அரை லிட்டர் தின்கிறது, அதைச் சேர்த்தால் இவருக்கு மூன்று புள்ளி இரண்டு, பெரிய மோசமில்லை என்று மனக்கணக்குப் போட்டாள். அவரிடமே சொன்னாள். "கவலப்படாதீங்க அண்ணே. மெஷின் கொஞ்சம் கொறச்சுக் காட்டுது, வாரா வாரம் நான் ஊதினாக்கூட. சரி பண்ணினதும் கூப்பிடறோம்."

மெத்தைக்காரர் முகம் மலர்ந்து போனது. "அதானே பாத்தேன்! இருமல் யாருக்குத்தான் இல்ல? வீட்டுக்காரிகிட்ட இத நீங்களே சொல்லுங்கம்மா, நான் சொன்னா நம்ப மாட்டா" என்று வெளியே பெஞ்சில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார். அவளிடமும் ஊதக்கா அதையே சொன்னாள். மறுநாளே அவர் பஞ்சுக் கொட்டகைக்குத் திரும்பினார்.

மெக்கானிக் வந்தார். புது சிரிஞ்சு கொண்டுவந்து பத்துத் தடவை தள்ளிப் பார்த்தார். பத்துத் தடவையும் மூன்று.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல மேடம்."

"ஈரத்துக்குத் தடுமாறுது. நான் ஊதினா தெரியுது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வேணும்னா சென்சார் மாத்திப் பாக்கலாம். எழுதிப் போட்டா வரும்."

எழுதிப் போட்டார்கள். வர நாலரை மாதம் ஆனது. அதுதான் ஆஸ்பத்திரி. பஞ்சு வாங்க ஒரு கையெழுத்து, பஞ்சை வைக்க டப்பா வாங்க இன்னொரு கையெழுத்து. ஒரு வழியாகப் போன வாரம் மெக்கானிக் வந்து பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை ஊதக்கா ஊதினாள். இரண்டு புள்ளி நான்கு.

அட்டைக் குழாயைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். மெஷினில் கோளாறு இல்லையென்றால் தன் நெஞ்சில்தான் கோளாறு. இத்தனை வருடம் நோயாளிகளோடு ஒரே அறையில் இருந்ததற்கு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஏழு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கிறது, இன்னும் போகும். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி யோசித்தாள். பயம் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்துகூடப் பார்த்தாள். வரவில்லை. சரி, போகட்டும் என்று மட்டும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் எழுதி மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மெத்தைக்காரர் வந்தார். மெஷின் தயார் என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். முதலில் வந்தது அவர் மூச்சுதான். படியேறும் சத்தம், நிற்கும் சத்தம், மறுபடி ஏறும் சத்தம். வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து மாதத்தில் சட்டை அவருக்குப் பெரிதாகியிருந்தது.

"மெஷின்... சரியாயிடுச்சாம்மா?"

"புது சென்சார் மாத்தியிருக்கு அண்ணே. உக்காருங்க, மூச்சு வாங்கிக்குங்க."

"கொட்டகையில வேற வேல பாருன்னு வீட்டுக்காரி ஒரே சண்டை. வேற என்ன வேல தெரியும் எனக்கு? ஆஸ்பத்திரியிலயே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கடின்னு அவ வாய அடைச்சு வெச்சிருக்கேன். இன்னைக்குக் கையில சீட்டோட போகணும்."

ஊதக்கா கத்தினாள், அவர் ஊதினார். மூன்று தடவை. கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். இரண்டு புள்ளி இரண்டு.

"எவ்வளவு?"

சொன்னாள். அவர் ஸ்கிரீனையே பார்த்தார். பிறகு, விடாக்கண்டர் அல்லவா, அவள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நீங்களும் ஊதுவேன்னு சொன்னீங்களே. இப்ப உங்களுக்கு எவ்வளவு காட்டுது?"

"ரெண்டு புள்ளி நாலு."

"வர வேண்டியது?"

"மூணு புள்ளி ஒண்ணு."

"பாத்தீங்களா!" நாற்காலிக் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "உங்களப் பாத்தா சீக்காளி மாதிரியா இருக்கு? ரெண்டு மாடி தினம் ஏறி எறங்கறீங்க, இந்தக் கத்து கத்தறீங்க. உங்களுக்கே கொறச்சுக் காட்டுதுன்னா மெஷின்தாம்மா! புதுசு மாட்டினாலும் அதே லட்சணம். எங்க, என் கண்ணு முன்னாடி ஒரு வாட்டி ஊதுங்க பாப்போம்."

அவர் கேட்கிறாரே என்று ஊதினாள். புதுக் குழாய் மாட்டி, பொத்தானை அழுத்தி, எப்போதும் போல. இரண்டு புள்ளி நான்கு.

மெத்தைக்காரர் சந்தோஷப்படவில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

"என்னம்மா இது? சூடு பால ஆத்தற மாதிரி ஊதறீங்க? என்னை மட்டும் கழுத்த நெரிக்காத குறையா கத்தினீங்க. உங்களுக்குன்னா தடவிக் குடுத்து ஊதிக்கிறதா? இதெல்லாம் கணக்குல வராது. நான் கத்தறேன், நீங்க ஊதுங்க. அப்பவும் ரெண்டு நாலுதான் வரும், அப்ப டாக்டரம்மாவே வந்து பாக்கட்டும்."

"வேணாம் அண்ணே. உங்களுக்கு மூச்சு வாங்கும்."

"என் மூச்சு, நான் செலவு பண்ணிக்கறேன். வைங்க வாயில."

அவள் குழாயைக் கவ்வினாள். அவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். அவள் அவருக்குச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார், இருக்கிற கொஞ்சக் காற்றையும் போட்டு. "இழுங்க, நெஞ்சு முட்ட இழுங்க! ஊதுங்க! ஊது ஊது ஊது! விடாதீங்க! அடியில இருக்கு! அதையும் கொண்டாங்க!"

அந்தக் கடைசி வார்த்தை அவளுடையது இல்லை. ஒரு திங்கட்கிழமைக் குரலிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டு, இத்தனை நாளாக ஊராருக்கெல்லாம் கத்திக்கொண்டிருந்த வார்த்தை. ஏழு மாதமாக அவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. வயிறு தானாக எக்கிக்கொண்டது. முடிந்துவிட்டது என்று அவள் வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தது, தாண்டிப் போனது. அதற்குக் கீழே இன்னும் இருந்தது. அதற்கும் கீழே இருந்தது. கண் இருட்டும் வரைக்கும் ஊதினாள்.

ஸ்கிரீனில் மூன்று புள்ளி ஒன்று.

கத்திய மெத்தைக்காரருக்கு மூச்சு இரைத்தது. அவர் முட்டாள் இல்லை. நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"ஆமா."

"எப்ப இருந்து?"

"எப்பவுமே சரியாத்தான் இருந்துது அண்ணே. நான்தான் சரியா ஊதல. நான் சரியா ஊதாதத வெச்சு உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

"அஞ்சு மாசம்" என்றார் அவர். குரல் உயரவில்லை, உயர்த்தக் காற்று இல்லை. "அஞ்சு மாசம் பஞ்சத் தின்னிருக்கேன்மா நான். நீங்க சொன்னீங்கன்னு."

அவர் குழாயைக் கையில் எடுத்தார். "நான் முன்ன சரியா ஊதலையோ என்னமோ. உங்களுக்கு வந்த மாதிரி எனக்கும் அடியில இருக்கும். இன்னொரு வாட்டி கத்துங்க."

அவர் ஏற்கெனவே முழுசாக ஊதிவிட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஸ்கிரீனில் கோடு சொல்கிறது. ஆனாலும் கத்தினாள். பதினெட்டு வருடத்தில் அப்படி அவள் கத்தியதில்லை. பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன, காவலாளி படியேறி ஓடிவந்தார். அவர் ஊதி முடித்து நிமிர்ந்தார்.

இரண்டு புள்ளி இரண்டு.

இரண்டு சீட்டையும், திங்கட்கிழமை நோட்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு டாக்டரம்மா அறைக்குப் போனாள். ஒன்றையும் மறைக்கவில்லை. புருஷன் போன பிறகு தனியாக ஊதியதையும் சொன்னாள். டாக்டரம்மா நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "நானும் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். பிறகு மெத்தைக்காரரிடம், கொட்டகைப் பக்கமே இனிப் போகக் கூடாது, மருந்தால் இறுக்கம் குறையும், போன மூச்சு எல்லாமே திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதினார்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் அவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. சீட்டை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"உங்க வீட்டுக்காரர்தான் முன்ன கத்துவாராக்கும்" என்றார் சுவரைப் பார்த்து.

"ஆமா."

"நல்லாக் கத்துவாரா?"

"நல்லா" என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. அடியிலிருந்து ஏதோ வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தாள். கையால் வாயைப் பொத்தினாள், அது நிற்கவில்லை. மரத்துப் போன இடமெல்லாம் ஒரே நேரத்தில் வலித்தது. சிலிண்டர் அறைச் சுவரோரம், இந்த மனிதரின் ஐந்து மாதம், மழையில் நனைந்த துணி, எல்லாம் வலித்தது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் முடியாமல், அதற்குக் கீழே இருந்தும் வந்தது. வராந்தாவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் அழுதாள்.

மெத்தைக்காரர் தடுக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அவரிடம் அதற்கு இடம் இல்லை. உள்ளேயிருந்து கூப்பிட்டதும், பெஞ்சை ஊன்றி இரண்டு தவணையாக எழுந்தார்.

"என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர அனுப்பி வெச்சீங்க?"

"பத்துப் பேர்."

"அழுது முடிச்சிட்டு அவங்களுக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஊதக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூச்சு இன்னும் தேம்பித் தேம்பித்தான் வந்தது. இரண்டாம் மாடிக்கு ஏறிப் போய், நோயாளிகளின் பதிவேட்டைத் திறந்து, அந்தப் பத்துப் பேரில் முதல் ஆளின் போன் எண்ணைச் சுழற்றினாள்.